கட்டிலின் பகல் பங்கு

ஷார்ஜா, ரோலா
8.9.2006

அன்பான சுகிர்தத்துக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் கேட்டிருந்தால் ‘பார்ப்போம்’ என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அது தெரிந்துதான் எழுதிக் கேட்டிருக்கிறாய்.

ஜனவரியில் என் விசா முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவதாகக் கடைக்கார சேதுமாதவன் சொல்கிறார். நீ, போதும், வந்துவிடுங்கள் என்கிறாய். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிகிறது. அவசரப்பட்டு முடிவெடுத்துப் பின்னால் வருந்தக் கூடாதே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை கஷ்டமா என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியதைவிட இது சுலபம். குடும்பங்கள் வந்து டிவிடி வாடகைக்கு எடுக்கும் கடை. ஒவ்வொரு படத்தையும் நான் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு பார்க்கலாம் என்றால் உறையில் பச்சை ஒட்டு, கூடாது என்றால் சிவப்பு. இந்த மாதம் ஒரு பெட்டி நிறைய ஜப்பான் பேய்ப் படங்கள் வந்திருக்கின்றன. சிவப்பு ஒட்டு தீர்ந்துவிட்டது.

நம் ஊர்ப் படத்தில் பேய்க்கு முன்னால் வாத்தியம் வந்துவிடும். இவற்றில் முதலில் சத்தம் போய்விடுகிறது. ஒரு காலி அறையைக் காட்டுகிறார்கள். குழாய் சொட்டுகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் என் கண் அந்த அறையின் மூலை மூலையாகத் தேட ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பேய்களுக்கு அவசரமே இல்லை. யாராவது கவனிக்கட்டும் என்று ஈரத்தோடு காத்துக்கொண்டிருக்கின்றன. நான் பாதிப் படத்தில் விளக்கைப் போட்டுவிடுவேன். சேதுமாதவன் எட்டிப் பார்ப்பார்; வாத்தியார் பயந்தது தெரிந்ததும், “மாஷே, பேடிக்க வேண்டா! ஜப்பான் பேய்க்கு இங்கே விசா கிடையாது” என்று சிரிப்பார்.

எங்கே படுக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். எட்டுப் பேர் அறை. என் கட்டிலில் எனக்கு இரவுப் பங்கு. பகல் பங்கு லுக்மான் என்பவருக்கு; கடற்கழியில் நிற்கும் சரக்கு லாஞ்சுகளில் இரவுக் காவல். நான் கடைக்குப் போன பிறகு அவர் வந்து படுப்பார், நான் வருமுன் எழுந்து போய்விடுவார். அவரவர் விரிப்பைச் சுருட்டிக் கட்டிலடியில் வைத்துவிட வேண்டும் என்பது அறைச் சட்டம். வெள்ளிக்கிழமைக் காலை நான் ஆராதனைக்குப் போய்விடுவதால் அன்றும் சந்திப்பதில்லை. ஒன்றரை வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறோம், அவர் முகம் எனக்குத் தெரியாது. ஒழுங்கான மனிதர் என்பது மட்டும் விரிப்பின் மடிப்பில் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஞானையா


இரணியல்
24.9.2006

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். மழை சரியாகப் பெய்யவில்லை. ஷாஜினி பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். அப்பா எப்போது வருகிறார் என்று அவளும் கேட்கிறாள், சபையில் பாஸ்டரம்மாவும் கேட்கிறார்கள், மீன்காரியும் கேட்கிறாள். “யோசிக்கிறாரு” என்று எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். மீன்காரி என்ன சொன்னாள் தெரியுமா? “இருவத்தாறு வருசமா யோசிக்க அப்படி என்ன கணக்கும்மா அது?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வயசுக் காலத்தில் உங்களுக்குப் பேய்ப் படம் பார்க்கிற வேலை. கரப்பான் பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிற ஆள் நீங்கள். ரொம்பப் பயந்தால் தொண்ணூற்றொன்றாம் சங்கீதம் வாசியுங்கள்.

அந்த லுக்மானை ஒரு நாள் நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால் என்ன? ஒரே கட்டிலில் படுத்தவர் முகம் தெரியாதென்று எழுதுகிறீர்களே, அதைப் படித்ததும் ஏனோ எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரியை மறக்க வேண்டாம்.

உங்கள்
சுகிர்தராணி


ஷார்ஜா
10.10.2006

அன்பான சுகிர்தம்,

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

படுக்கை ஈரமாக இருக்கிறது. கடையிலிருந்து வந்து தொட்டால் மெத்தையின் நடுவில் சில்லென்கிறது. முதலில் ஏசி ஒழுகுகிறது என்று நினைத்தேன். கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டேன். ஈரமும் கூடவே வந்தது. மெத்தையின் கீழே செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். தாள் காய்ந்திருந்தது, மேலே மட்டும் நனைந்திருந்தது. இந்தப் படங்களால் என் புத்திதான் கலங்கிவிட்டதோ என்று சேதுமாதவனிடம் கெஞ்சி ஒரு வாரம் மலையாளப் படங்கள் மட்டும் பார்த்தேன். ஈரம் நிற்கவில்லை.

லுக்மான் குளித்துவிட்டுத் துவட்டாமல் படுக்கிறார் போல என்று முடிவு செய்தேன். நேரே சொல்ல நா எழாமல், அறைக்குப் பொறுப்பான சுஐபிடம் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“லுக்மானா? அவன் ஆகஸ்ட்லயே ஊருக்குப் போயிட்டானே சார். பையைத் தூக்கிட்டு, ‘போயிட்டு வர்றேன்’னு என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனான். உங்களுக்குச் சொல்லலியா நான்? கட்டில் இப்ப முழுசா உங்களுக்குத்தான்.”

“அப்படியென்றால் பகலில் யார் படுப்பது?”

“யாரு படுப்பா? எல்லாரும் டூட்டிக்குப் போயிடுறோம். பூட்டின ரூம் சார்.”

குனிந்து கட்டிலடியைப் பார்த்தேன். லுக்மானின் விரிப்பு அங்கேயே இருந்தது, வழக்கமான மடிப்போடு. ஊருக்குப் போகிறவர் விரிப்பை விட்டுவிட்டா போவார்?

கீழே ஒரு போர்வையைப் போட்டுத் தரையில் படுக்கிறேன். முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
ஞானையா


இரணியல்
26.10.2006

அன்புள்ள அத்தானுக்கு,

தரையில் படுக்க வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே முதுகுவலி வந்துவிடும்.

நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டிச் சொல்லவும் தெரியாது. கல்யாணமான புதிதில் என் மீன்குழம்பைப் பற்றிக் கேட்டதற்கு “உப்பு சரியாக இருக்கிறது” என்று சொன்ன ஆள்தானே. அதனால் ஈரம் என்றால் ஈரம்தான்.

செய்தித்தாள் விரித்தது போதும். ஒரு நாள் லீவு போட்டு அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். மனுஷனென்றால் யாரென்று கேளுங்கள். மனுஷனில்லையென்றாலும் யாரென்றே கேளுங்கள். படுக்க இடம் தேடி வருகிற ஒன்று உங்களை என்ன செய்துவிடப் போகிறது?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் லீவுக்கு வந்து போன பிறகு குளிமுறியில் உங்கள் சோப்பு பாதி கரைந்து கிடக்கும். நான் எடுத்துப் போட மாட்டேன். கொஞ்ச நாளில் அது வெடித்து வெளுத்துப்போகும். ஆளில்லாத வீட்டில் ஆளிருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு எனக்கு ஜப்பான் படம் எதுவும் வேண்டாம் அத்தான்.

உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள்
சுகிர்தராணி


ஷார்ஜா
17.11.2006

அன்பான சுகிர்தம்,

நீ சொன்னபடி செய்தேன். வயிற்றுப்போக்கு என்று கடைக்குச் சொல்லிவிட்டு, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தேன். வழக்கப்படி என் விரிப்பைச் சுருட்டி வைத்தேன். நல்ல வெயில், ஜன்னல் திரையைத் திறந்தே வைத்திருந்தேன். சங்கீதம் வாசித்தேன். கீழே தெருவில் வண்டிச் சத்தம், பக்கத்துக் கடையில் யாரோ தொலைபேசியில் சண்டை. இந்த வெளிச்சத்தில் என்ன வந்துவிடும் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சத்தம்தான் முதலில் போனது. ஏசி தானாக நின்றது. தெருவும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. கதவு திறக்கவில்லை. மெத்தையின் தலைப்பக்கம் மெதுவாக அமிழ்ந்தது. பிறகு இடுப்புப் பக்கம். களைத்த மனிதன் முதலில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பதுபோல. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்த ஒரு ஆளின் பள்ளம். அதில் ஈரம் ஊறி வந்தது.

நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதே, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கேட்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. “லுக்மான் பாய்தானே?” என்றேன். அனுமதி கேட்பதுபோல ஒரு குரல்தான் வெளியே வந்தது.

சுகிர்தம், அந்தப் பள்ளம் அசைந்தது. சுவரோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. நெரிசலான கட்டிலில் இன்னொருவன் வந்து நின்றால் ஒதுங்கிப் படுப்போமே, அப்படி. எனக்கு இடம் விட்டது.

அதன் பிறகு எனக்குப் பயம் வரவில்லை. சாயங்கால பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தேன். பாங்கு முடிந்ததும் மெத்தை மெல்ல எழும்பிச் சமமாயிற்று. வேலைக்குக் கிளம்பும் நேரம்.

மறுநாள் கடற்கழிக் கரைக்குப் போய் விசாரித்தேன். மூட்டை தூக்கும் பலூச்சிக் கிழவர் ஒருவருக்கு லுக்மானைத் தெரிந்திருந்தது. லாஞ்சில் ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒரே ஒரு நடைக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பையோடு ஏறிப் போயிருக்கிறார். “லாஞ்ச் டூப் கயா, சாஹப். சோமாலியா கே பாஸ். கலாஸ்” என்று கையை விரித்தார். லாஞ்ச் மூழ்கிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். கப்பலாட்கள் கணக்கில் இவர் இல்லாததால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாங்கள் அவர் ஊரில் இருப்பதாக நினைத்தோம். ஊரில், அவர் இங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவருக்கு ஜுபைதா என்று ஒரு மனைவி, காயல்பட்டினத்தில். விலாசம் சுஐபிடம் இருந்தது. யார் சொல்வது என்று அறையில் பேச்சு வந்தபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். “நீங்கதான் படிச்சவரு, எழுதுங்க சார்” என்றார் சுஐபு. உட்கார்ந்தேன். ‘அன்புள்ள சகோதரிக்கு’ என்பதற்குமேல் என் கை ஓடவில்லை. கரையில் கேட்டதை எழுதுவதா, கட்டிலில் பார்த்ததையும் எழுதுவதா? எழுதாமலே விட்டால் அந்தப் பெண் எத்தனை காலம் காத்திருப்பாள்? எனக்கு வழி தெரியவில்லை. விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், நீயாவது ஒரு வழி சொல்.

அன்புடன்,
ஞானையா


இரணியல்
5.12.2006

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே நாகர்கோவில் போய், திருச்செந்தூர் பஸ் பிடித்து, காயல்பட்டினம் போய்விட்டேன். காகிதத்தில் சொல்கிற சேதியா இது?

சின்ன வீடு, சுத்தமான வீடு. ஜுபைதா நாற்பதைத் தாண்டாத பெண். யாரென்று தெரியாமலே “வாங்கோ, உள்ள வாங்கோ” என்று பாய் போட்டாள். “உங்க வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஷார்ஜாவுல ஒரே கட்டில்” என்று ஆரம்பித்தேன்.

“கோடாலித் தைல வாத்தியாரா?” என்று சிரித்துவிட்டாள். “போன்ல சொல்லிச் சிரிப்பாஹ. படுத்தா தலவாணியில தைல வாசம்தான், மனுசனைப் பாத்ததே இல்லம்பாஹ.”

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. லாஞ்ச் சேதியைச் சொன்னேன். நீங்கள் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலைத் தொடச் சொன்னாள். ஒரு பக்கம் மட்டும் ஈரம். நான் குளச்சல் கடற்கரையில் பிறந்தவள். அது கடல் ஈரமென்று விரல் பட்டதும் தெரிந்துவிட்டது.

“ராத்திரி இங்கதான் வாராஹ” என்றாள். “ஆவணியிலேர்ந்து. முதல்ல பயந்தேன். பொறவு, மூச்சு விடுற தினுசு அவஹதான்னு புரிஞ்சு போச்சு. மவுத்து, உசிரோட இல்லன்னும் புரிஞ்சு போச்சு. விடிஞ்சா எந்திரிச்சுப் போயிடுறாஹ. பகல்ல எங்கதான் போறாஹளோன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அங்கதான் வந்து தூங்குறாஹளா?”

ஆமென்றேன்.

“அந்தக் கட்டில்ல மூட்டைப்பூச்சி கடிக்கும்பாஹளே, இப்பவும் கிடக்கா?”

இல்லையென்று நானாகவே சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவள் அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். உங்கள் அறைக்காரர்களிடம் அவருக்காகத் தொழச் சொல்லியிருக்கிறாள், உங்களுக்கு சலாமும் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பயம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. பொறாமையாக இருந்தது அத்தான். கடலில் மூழ்கிப்போன மனுஷன் ராத்திரி தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார். உயிரோடிருக்கிற நீங்கள் விசாவைப் புதுப்பிக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி நான் கேட்கப் போவதில்லை. இதற்குப் பதில் வரவில்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் என்று எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு உங்களை எதிர்பார்க்கவும் மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. களைத்துப் போயிருக்கிறேன்.

சுகிர்தராணி


ஷார்ஜா
19.12.2006

என் சுகிர்தத்துக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், கடைசிப் பகுதி தவிர. சுஐபு எழுந்து முகம் கழுவப் போனார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் லுக்மானுக்காக, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை நடந்தது. நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அதன் பிறகு கட்டில் காய்ந்துவிட்டது. அமைதியாகிவிட்டாரா, பகலிலும் காயல்பட்டினத்திலேயே இருக்கிறாரா என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவர் விரிப்பைத் துவைத்து, சுஐபு ஊருக்குப் போகும்போது ஜுபைதாவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சேதுமாதவனிடம் புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்னேன். இந்த முறை ‘பார்ப்போம்’ என்று சொல்லித் தப்பிக்கவில்லை. அவர், “ஒட்டு ஒட்டினது போதும், வீட்டுக்குப் போ மாஷே” என்றார்.

ஜனவரி பதினொன்று, திருவனந்தபுரத்துக்கு டிக்கெட். விடியற்காலையில் இறங்குவேன், நீ அலைய வேண்டாம், நானே பஸ்ஸில் வந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்க வெட்கமாக இருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் விருந்தாளி மாதிரி நீ போட்டுக் கொடுத்த இடத்தில் படுத்துவிட்டுப் போய்விடுவேன். இவ்வளவு வருடத்தில் நம் கட்டிலில் எந்தப் பக்கம் என்னுடையது என்று நான் கவனிக்கவே இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. சுவர்ப்பக்கமா, ஜன்னல்பக்கமா?

ஞானையா