எம்ரிஸ் என்று நீ வைத்த பெயரைப் பற்றி

ஸ்ட்ரெதம், லண்டன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் யதுசனுக்கு அப்பா எழுதுவது. எனக்குச் செய்யப்பட்ட பிழையை முதலில் எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பேன். என் மகனின் மகனுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் மாமனாரின் தகப்பன் பெயரை வைத்தாய். வைத்த பிறகும் வாயால் சொல்லவில்லை, அச்சடித்த கார்ட் ஒன்று தபாலில் வந்துதான் எனக்குத் தெரிந்தது. பேரப்பிள்ளையின் பெயரைப் பீட்சாக் கடை விளம்பரத்தோடு சேர்த்துக் கதவடியில் பொறுக்கி எடுத்தவன் இந்த லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றப்படி நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் நடமாடுகிறோம். நீங்கள் மூன்று பேரும் வேல்ஸில், பாங்கரில் அந்தக் கடற்காற்றுக்குத் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஷிப்டுக்குப் போய்விடுவாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான். ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, டொக்டர் நடக்கச் சொல்கிறார், அவ தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து நடக்கிறவர்களைப் பார்க்கிறா. லூயிஷாமில் அக்கா றொசாந்தி புது அடுப்பு பூட்டியிருக்கிறாள். போன ஞாயிறு அங்கே சாப்பிடப் போன இடத்தில் இந்தப் பெயர்க் கதையை நான் எடுக்க, 'அப்பா, அது உங்கடை பிள்ளை இல்லை, அவங்கடை பிள்ளை, சோத்தைச் சாப்பிடுங்கோ' என்று சட்டம் பேசினாள். அம்மாவும் அவளோடு சேர்ந்துகொண்டு, 'எம்ரிஸ் குகதாசன் எண்டு உங்கடை பேர்தானே கடைசியிலை நிக்குது, இன்னும் என்ன வேணும்' என்று கேட்டா. கடைசியில் நிற்கிற பெயரை ஆஸ்பத்திரியிலும் ஏர்போட்டிலும்தான் கூப்பிடுவார்கள். விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிட வா என்று எவரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. எனக்கு வேண்டியது வாயால் கூப்பிடுகிற பெயர்.

நீ போனில் ஒருநாள், 'எனக்கும் நீங்கள் அப்பப்பாவின்ரை பேரை வைக்கேல்லைத்தானே' என்று மடக்கினாய். உண்மை, வைக்கவில்லை. எண் பொருந்தவில்லை என்று யதுசன் என்று வைத்தேன். ஆனால் ஊருக்குக் கடிதம் போட்டு என் தகப்பனைக் கேட்டேன், அவர் சம்மதம் எழுதி வந்த பிறகுதான் உன்னைப் பதிந்தேன். கேட்டதுதான் உனக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம். உன் பிள்ளை பிறந்த நேரத்தை நீ சொன்ன அன்றே நான் பால்ஹாம் வரை பஸ்சில் போய், ரயில் எடுத்து ஆர்ச்வேயில் இறங்கி, மேடு ஏறி முருகன் கோவில் ஐயரிடம் கேட்டேன். கார்த்திகை நட்சத்திரம், அ, இ, உ, எ என்ற நான்கில் ஒன்றில் தொடங்கவேண்டும் என்றார். என் தகப்பன் பெயர் சரவணமுத்து. ஆசை இல்லாமலா? எழுத்துக்குள் வரவில்லை என்று என் தகப்பன் பெயரை நானே ஒதுக்கி வைத்துவிட்டு, உமாபதி என்று எடுத்தேன். முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிய வந்து பிள்ளையின் காதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இந்த நாட்டில் பிறப்பைப் பதிய ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள் தருகிறார்கள். உனக்கு இரண்டு கிழமை பொறுக்க முடியவில்லை. உன் மாமனார் கெரைன்ட் எந்த ஐயரிடமும் போகவில்லை, எந்த எழுத்தும் பார்க்கவில்லை. அவருடைய தகப்பன் பெயர் 'எ'யில் தொடங்குகிறது. சாத்திரம் பார்த்த எனக்கு என் தகப்பன் கிடைக்கவில்லை, பார்க்காத அவருக்கு எழுத்தும் கிடைத்தது தகப்பனும் கிடைத்தார். இதை நான் எப்படித் தாங்குவது, நீயே சொல்.

அந்தப் பெயரைப் பற்றி ஆராயாமல் நான் பேசவில்லை. ஸ்ட்ரெதம் நூலகத்தில் போய் இருந்து புத்தகத்திலும் கொம்பியூட்டரிலும் தேடினேன். அரிய கெல்ட்டிக் பெயர் என்று கெரைன்ட் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாரே, அது கிரேக்கத்தில் பிறந்த பெயர். அம்புரோசியஸ் என்று லத்தீனுக்குப் போய், ரோமர் காலத்தில் இங்கே வந்து, வேல்ஸ்காரர் வாயில் தேய்ந்து தேய்ந்து எம்ரிஸ் ஆனது. சாவில்லாதவன் என்று பொருள். பொருளில் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒரு குன்றுக்கே அந்தப் பெயர் இருக்கிறதாம், இருக்கட்டும், எங்கள் ஆட்களுக்கும் குன்றுகள் இருக்கின்றன. அரசாங்கம் வருடாவருடம் போடுகிற பெயர்ப் பட்டியலில் முதல் நூறில் அது இல்லை. ஒரு காலத்தில் கிழவர்களின் பெயராகிக் கிடந்து இப்போது இளம் பெற்றோர் திரும்ப எடுக்க, மெல்ல மெல்ல மேலே வருகிறது. அரிது என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் வைக்கிறார்கள். உமாபதி அந்தப் பட்டியலில் கண்ணுக்கே தெரியவில்லை. அரிதான பெயர்தான் உனக்கு வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாம். நான் கெரைன்டிடம் போனில், உங்கள் பெயரும் எங்களைப்போல வந்து குடியேறினதுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதனுக்கு ரோசம் வரவில்லை. அப்படியென்றால் அவனுக்கு அது இன்னும் பொருத்தம் என்று சிரித்தார். சண்டைக்கு வராத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

நீங்கள் எல்லாரும் பிள்ளையைக் கொண்டு லண்டனுக்கு வந்தபோது கோவிலில் நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் நட்சத்திரம் கேட்டார். நான் தொண்டையைச் செருமி வாயைத் திறக்கிறேன், அதற்குள் பிள்ளையைத் தோளில் வைத்திருந்த கெரைன்ட், 'எம்ரிஸ், கார்த்திகை' என்று பாடமாக்கினதுபோல் சொல்லிவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. ஐயரும் எம்ரிஸ் நாமதேயஸ்ய என்று ஏதோ வேதத்திலேயே இருக்கிற பெயர்போல மணிமணியாகச் சொன்னார். முடிந்த பிறகு, 'எழுத்தெல்லாம் சோக்காப் பொருந்துது அண்ணை' என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிரசாதத் தட்டைக் கெரைன்டிடம் கொடுத்தார், அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஐயர் அதோடு விட்டாரா? 'அப்ப நீங்கள் வெள்ளிக்கு வெள்ளி அர்ச்சனை செய்யிற உமாபதி ஆர், மற்றப் பேரனோ?' என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். கார்ட் வருவதற்கு முன்பே தொடங்கி, வந்த பிறகும் நான் நிறுத்தாத அர்ச்சனை அது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நான் தேங்காய்த் தண்ணீர் குடிக்கப்போவதுபோல் வெளியே போய் நின்றேன்.

மருமகள் எலெரியில் எனக்குக் கோபம் இல்லை. மாமா மாமா என்று மரியாதையான பிள்ளை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறபோது கெரைன்ட் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பிள்ளையைப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு என் வயது. தலைமயிர் முழுவதும் இருக்கிறது, முழங்காலும் இருக்கிறது, பேரனும் கைக்குள் இருக்கிறான். போன கிழமை வீடியோவில் நான் உமாபதி, உமாபதி என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னாலிருந்து கெரைன்ட் மெதுவாக எம்ரிஸ் என்றார், உடனே திரும்பிச் சிரித்துக்கொண்டு, 'தைத்' என்றான். அது அவர்கள் மொழியில் தாத்தாவாம், நீ பெருமையாக விளக்கம் சொன்னாய். அவன் வாயில் வந்த முதற்சொல் அது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். இன்னும் ஒரு வருடம் இப்படிப் போனால் அந்தப் பிள்ளைக்கு நான் யார்? போனுக்குள் இருந்து யாரையோ கூப்பிடுகிற ஒரு வழுக்கைத் தலை.

குளிருக்குப் பிள்ளையின் காதை மூடு. நெஞ்சுச்சளி என்றால் உடனே மருந்தை ஊற்றாதே, அம்மாவைக் கேள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட காலம் வாழ முருகன் துணை நிற்கட்டும். உமாபதிக்கு என் முத்தம்.

இனிச் செய்யவேண்டியதை எழுதுகிறேன். பதிந்து ஒரு வருடத்துக்குள் முதற்பெயரில் சேர்க்கவோ மாற்றவோ சட்டம் இடம் தருகிறது, நான் விசாரித்துவிட்டேன், அந்த வருடம் முடிய அதிக நாள் இல்லை. நீ போய் உமாபதி என்பதைச் சேர்க்கவேண்டும். எம்ரிஸை எடுக்கச் சொல்லவில்லை, செத்துப்போன மனிதரோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் உமாபதி முன்னால் நிற்கவேண்டும். எலெரி அதற்குச் சம்மதிக்கவேண்டும், அவளிடம் நீ பேசு, அவள் அழும்படி பேசாதே. அம்மா பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொழுக்கட்டை அவித்துக்கொண்டு வருவா, எங்கள் வழக்கப்படி பல்லு முளைத்தபோது செய்யவேண்டியது, இப்போதாவது அவன் தலையில் கொட்டவேண்டும். றொசாந்தி எங்களை யூஸ்டனில் கொண்டுவந்து ரயில் ஏற்றிவிடவேண்டும். நான் அர்ச்சனையை நிறுத்தமாட்டேன். கெரைன்ட், பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தும்போது ஒவ்வொரு நாளும் என் படத்தைக் காட்டி 'அப்பப்பா' என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். அவர் சொன்னால்தான் அவன் சொல்லுவான். அதை அவரிடம் நீ கேள், நான் கேட்கமாட்டேன்.

இன்னும் கோபம் தீராத உன் அப்பா,
ச. குகதாசன்