மாமாவுக்கு ஒரு ஸ்கோப்

அன்புள்ள தம்பி லீலண்டுக்கு,

அண்ணி வெர்லா எழுதுவது. மீன் கப்பலில் உனக்கு ஃபோன் கிடைக்காது என்று சொன்னார்கள், அதனால் கடிதம். அலாஸ்காவில் கை விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள். இங்கே மொன்டானாவில் முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. கன்றுகளை விற்றாயிற்று. தண்ணீர்க் குழாய் உறைந்தால் எதைத் திருகுவது என்று உன் அண்ணனுக்குத்தான் தெரியும். கர்ட் இல்லாத முதல் குளிர்காலம், எப்படித் தள்ளப்போகிறேனோ.

மாமா, அதான் உன் அப்பா, உன்னிடம் ஒரு விஷயம் கேட்டு எழுதச் சொன்னார். தூரத்து மானைச் சுட, நம் கைக்கு அடங்கிய விலையில் துப்பாக்கியில் மாட்டும் நல்ல ஸ்கோப் கண்ணாடி எது? துப்பாக்கி சமாசாரத்தில் நீ சொன்னால் அவர் கேட்பார். பழைய ஸ்கோப் மங்கிப்போய்விட்டதாம். டவுனில் டுவெய்ன் கடையில் ஒன்று வாங்கினார். இருட்டாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அதைவிடப் பெரிதாகக் காட்டுவது ஒன்று வாங்கினார். அதில் எல்லாம் ஆடுகிறதாம். "பெட்டியில நம்பர் மட்டும் பெருசா போட்டு ஊரை ஏமாத்துறானுங்க"ன்னு டுவெய்னைத் திட்டிவிட்டு வந்தார். இப்போது மூன்றாவதையும் சொல்லிவைத்திருக்கிறார்.

நான் காரில் ஏறும்போது டுவெய்ன் பின்னாலேயே வந்து, "அக்கா, கண்ணாடியில ஒண்ணுமில்ல. பெரியவரை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க"ன்னு மெதுவாகச் சொன்னான். எனக்கும் தெரியும். ஆனால் டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே, "லைசென்ஸைப் பிடுங்கிட்டு என்னைக் கோழிக்குத் தீனி போட உக்கார வைக்கப் பாக்கிறியா"ன்னு சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன இரண்டு வருஷமும் மாமா அடித்த மான் அவர் அடித்ததில்லை. கர்ட் பக்கத்தில் படுத்து எங்கே நிற்கிறது என்று சொல்வார். மாமா விசையை இழுக்கும் அதே நொடியில் தானும் சுடுவார். மாமா காதை அடைத்திருப்பார், ஒரே வெடியாகத்தான் கேட்கும். ஒருவர் வேட்டைச் சீட்டுக்கு இன்னொருவர் அடிப்பது சட்டப்படி குற்றம், அதனால் கர்ட் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது சிரித்தார். "அப்பா மானை இழுத்துட்டு வர்ற நடையைப் பாத்தியா வெர்லா"ன்னு. மார்ச்சில் அந்தச் சறுக்குச் சாலை விபத்தில் அவர் போனதும், தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும், பிக்கப் வண்டியின் பானெட்டில் மணல் மூட்டை போட்டு, அந்த இரண்டாவது ஸ்கோப்பை மாட்டிய, தோட்டா இல்லாத துப்பாக்கியைச் சாய்த்து, மாமா எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வா வெர்லா, கொம்பு எவ்ளோ அகலம் பாரு, குனிஞ்சு மேயுது"ன்னு கூப்பிட்டார். நான் போய்க் கண்ணை வைத்தேன். வேலி முள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அங்கே குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தது பக்கத்துப் பண்ணை ஆர்வில். தோளில் இரண்டு இரும்புக் கம்பம்.

நான் கண்ணை எடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் புதைத்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். என்னால் சொல்ல முடியவில்லை லீலண்ட். "ஒரே மங்கலா இருக்கு மாமா, ஒண்ணும் தெரியல"ன்னுட்டேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நான் சொல்லல? டுவெய்னுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு"ன்னு சொல்லி, ராத்திரி ரெண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டார். நான் வாயைத் திறந்ததால்தான் மூன்றாவது ஸ்கோப் வருகிறது. அது போதாதென்று, "நல்ல கண்ணாடி வந்ததும் நீயே என் பக்கத்துல படு, கர்ட் சொன்ன மாதிரி நீ சொல்லு"ன்னு கேட்டிருக்கிறார்.

மான் வேட்டை சீசன் இந்த மாதக் கடைசியில் திறக்கிறது. திறந்த அன்று சரிவு முழுக்க ஆட்கள் இருப்பார்கள், உனக்குத் தெரியாததா. நான் வரமாட்டேன் என்றால் தனியாகப் போவார். துப்பாக்கியை ஒளித்தால் ஆர்விலிடம் போய் இரவல் கேட்பார், அவனும் மரியாதைக்குக் கொடுத்துவிடுவான். ஷெரீஃபிடம் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று வைத்துவிட்டேன். படிக்காத பொம்பளை, எனக்கு வழி தெரியவில்லை.

எந்த ஸ்கோப் என்று எழுத வேண்டாம். எந்தப் பெயரை எழுதினாலும் அதை வாங்கிவிடுவார். கப்பல்காரரிடம் கெஞ்சியாவது லீவு வாங்கிக்கொண்டு நீயே வா. அவரை டாக்டரிடம் கூட்டிப்போவாயோ, நேரில் சொல்வாயோ, உன் அண்ணன் செய்ததையே செய்வாயோ, நான் எதுவும் கேட்கமாட்டேன். கர்ட் படுத்த இடத்தில் என்னால் படுக்க முடியாது.

கடவுள் உன் கடலை அமைதியாக வைக்கட்டும். சீசன் திறப்பதற்குள் வந்துவிடு, தம்பி.

உன் அண்ணி,
வெர்லா