நான் தூக்கி வந்த ஆள்

மார்ச் 4
காலையில் இரண்டு திறப்பு விழா. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பள்ளிக் கழிப்பறை. இரண்டு இடத்திலும் அதே சுவரொட்டி: போர்க்களத்தில், காலில் குண்டு பாய்ந்த வீரனை முதுகில் சுமந்தபடி நான் ஆற்றைக் கடக்கிறேன். கழிப்பறையில் கதவுக்கு மேலேயே ஒட்டிவிட்டார்கள். பேச்சில் ஐந்து மைல் சுமந்தேன் என்றேன். நடந்தது மூன்று. முதல் தேர்தலில் நான்கு என்றேன். அமைச்சரான பிறகும் அதே தூரம் என்றால் மரியாதையாக இருக்காது.

மார்ச் 9
முன்னாள் படைவீரர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கும் கோப்பு வந்தது. மைத்துனரின் தொழிற்சாலைக்கே கொடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி செய்கிறவருக்குக் கால் செய்ய வருமா என்று துறைச் செயலாளர் இழுத்தார். நாற்காலிக்கும் கால் இருக்கிறதே என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

மார்ச் 10
செயலாளரை மீன்வளத்துறைக்கு மாற்றியாயிற்று. அங்கே காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மே 2
புது வீட்டில் முதல் நாள். மைத்துனர் கட்டிக் கொடுத்தது. அக்காவுக்குத் தம்பியின் அன்பளிப்பு. குளியலறையே எங்கள் பழைய வீட்டளவு இருக்கிறது. மனைவி எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, தம்பிக்கு இவ்வளவு பாசம் எப்போது வந்தது என்று கேட்டாள். செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன்.

ஜூலை 17
நான் தூக்கி வந்த ஆள் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் படைப்பிரிவின் சமையல்காரர். கக்கத்தில் ஊன்றுகட்டை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் எங்கள் துறை கொடுத்த செயற்கைக் கால், இரண்டாக முறிந்து. சாலையைக் கடக்கும்போது அது உடைந்து, கீழே விழுந்தாராம். நெற்றியில் ஆறு தையல். இன்னும் பதினோரு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறதாம். குறை சொல்ல வரவில்லை.

"உங்களுக்குத் தெரியாம நடந்திருக்கும் சார். அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

தெரியாம.

டீ வரவழைத்தேன். விசாரிக்கிறேன் என்றேன். உதவியாளர் ஞாபகப்படுத்தியதால் சேர்ந்து ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டோம், இடுப்புக்கு மேலே.

ஜூலை 18
மைத்துனரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர்கள் ரொம்ப நடக்கிறார்கள் மாமா என்கிறார்.

செயலாளர் இழுத்த அன்னைக்கே நிறுத்தியிருக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து. ஏன்டா நிறுத்தல? — வீடு. வேற என்ன.

செப்டம்பர் 23
பத்திரிகையின் முதல் பக்கத்தில் உடைந்த கால்கள் வரிசையாக. மீன்வளத்துறைக்குப் போனவர் கோப்பை நகலெடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். கட்சித் தலைவர் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 25
ராஜினாமா. தார்மீகப் பொறுப்பு என்று யாரோ எழுதித் தந்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், வழக்கம்போல.

நவம்பர் 12
நீதிமன்றம். என் வக்கீலுக்கு ஒரு யோசனை: சமையல்காரரையே கூண்டில் ஏற்றி, நான் அவரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லவைப்பது. சொன்னார். குண்டுமழையில், விட்டுவிட்டுப் போங்கள் என்று இரண்டு முறை கெஞ்சினாராம். எனக்கே மறந்திருந்தது. கூடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். என் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். அரசு வக்கீல் எழுந்து, உடைந்த காலைக் காட்டி, இது யார் கொடுத்தது என்றார்.

சமையல்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சார் என்னைத் தூக்கிட்டு வந்தது நெஜங்க. இந்தக் காலக் குடுத்ததும் சார்தான். அதுவும் நெஜம்."

பிப்ரவரி 6
நான்கு ஆண்டுகள் சிறை. மைத்துனர் வெளிநாட்டில்.

ஏப்ரல் 20
சிறைக்குச் சமையல்காரர் வந்தார். புதுக் கால். மகள் வாங்கித் தந்ததாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். இருபது வருடம் மேடையில் பேசியவன் நான். கால் வலிக்கிறதா என்றுதான் கேட்டேன். மழைக்கு மட்டும் என்றார். இங்கே சாப்பாடு எப்படி என்று அவர் கேட்டார். குழம்பில் உப்பே இல்லை என்றேன். அவருக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது.

நேரம் முடிந்தது. பெஞ்சிலிருந்து எழும்போது லேசாகத் தடுமாறினார். என்னையறியாமல் தோளைக் கொடுக்கப் போனேன்.

"வேணாம் சார். நானே நடந்துக்கறேன்."

நடந்தார். வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கும்வரை நின்று பார்த்தேன்.