‘கை சுத்தமில்லாதவர்’ என்று நான் எழுதியதைத் திருத்தக் கோரி

அனுப்புநர்
லாரிப் பட்டறை மெக்கானிக்,
(பெண்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு, பதினோராம் படுக்கை நோயாளியின் கணவர்).

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: செவிலியர் ஒருவர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல், அவரைப் பழைய பணியிடத்தில் அமர்த்தக் கோருதல், படுக்கைக்குப் படுக்கை கையுறை மாற்றப்படாமை குறித்து.

பார்வை: சென்ற மாதம் தங்கள் அலுவலகத்தில் நான் கைப்பட எழுதிக் கொடுத்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வாசலில் மனு எழுதித் தருபவர், “புகார் யார் மேல?” என்று கேட்டார். “என் மேலதான்” என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆகவே இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். முன்பு எழுதியதில் இருந்த ஒரு பிழைக்காகத்தான் இந்த மனுவே.

2. என் மனைவிக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பதினோராம் படுக்கையில் இருந்தாள். அந்தப் பிரிவில் ஒரு செவிலியர் ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் கை கழுவுவார். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்து உரிந்திருக்கும். நோயாளிகள் அவருக்கு ‘சோப்பு சிஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வருவதைப் பார்த்தாலே என் மனைவி, “அந்தா, குழாய்க்குக் கும்பிடு போட்டுட்டு வருது பாருங்க” என்று சிரிப்பாள். தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்கச் சிரிப்பாள்.

3. ஒரு நாள் அவர் வெறுங்கையால் என் மனைவியின் நாடியைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரிவையே கூட்டினேன். “எங்க பட்டறையில ஒரு நட்டு கழட்டவே உறை போடுறோம். மனுஷ உடம்பைத் தொட உனக்கு உறை வேணாமா?” என்று கேட்டேன். ‘உனக்கு’ என்றுதான் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “அண்ணே, இது இப்பத்தான் கழுவின கை. புண்ணைத் தொடுறப்ப புது உறை போடுவேன், அடுத்த ஆளுக்குப் போறதுக்குள்ள கழட்டிப் போட்டுடுவேன். நாடி பாக்க உறை எதுக்கு?” என்றார். என் மனைவியும், “சும்மா இருங்களேன், அந்தப் பொண்ணுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?” என்றாள். நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன்.

4. அன்று மதியமே அவரை மாற்றிவிட்டார்கள். உறை போடாமல் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டினார்கள். நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், ஐயா. மாற்றாக வந்த செவிலியர் காலையில் மாட்டிய உறையை மதியம் வரை கழற்றவில்லை. முப்பத்திரண்டு படுக்கைக்கு ஒருவர், பிரிவுக்கே ஒரு பெட்டி உறை, அவர் என்ன செய்வார்? உறைக்கு மேல் கை கழுவவும் முடியாது. ஒன்பதாம் படுக்கை அம்மாவின் சீழ் வைத்த புண்ணின் கட்டைப் பிரித்தார், திரையை இழுத்தார், சீட்டில் எழுதினார், போனை எடுத்துப் பேசினார், பிறகு வந்து என் மனைவியின் வயிற்றுக் கட்டுத்துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் அதே உறை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், “இப்படித்தான் இருக்கணும் சிஸ்டர்” என்று பாராட்டினேன்.

5. மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் தையல் விட்டுப்போய்ச் சீழ் வந்தது. ஒன்பதாம் படுக்கை அம்மாவின் புண்ணில் இருந்த அதே கிருமி என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் கொஞ்சம் தணிந்த ஒரு வேளையில் என் மனைவி, “அந்தச் சோப்புப் பொண்ணைத் திரும்ப வரச் சொல்லுங்க. ஒரு எட்டுப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க” என்றாள். “முதல்ல நீ எந்திரி, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டாள். அவள் என்னிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான், அதைக்கூட நான் செய்யவில்லை.

6. வீட்டில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் அவள் ஒரு பழந்துணி சுற்றி வைத்திருப்பாள். பட்டறையிலிருந்து உறையைக் கழற்றாமல் வந்து தண்ணீர் எடுக்கும் பழக்கம் எனக்கு. “உங்க கை பத்திரமா இருக்கு, என் கதவுதான் நாசமாப் போச்சு” என்று திட்டுவாள். இருபது வருடத் திட்டு. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கப் போனபோது அந்தத் துணியில் என் நாலு விரல் கிரீஸ் அப்படியே இருந்தது. உறை போட்டவன் கையைத்தான் காக்கும் என்பதை அவள் அத்தனை வருடமும் சொல்லியிருக்கிறாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

7. அதன் பிறகுதான் சோப்பு சிஸ்டரைத் தேடிப் போனேன். கட்டடத்துக்குப் பின்னால் சலவைப் பிரிவில் அழுக்கு விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். “அண்ணே, நான் அக்காகிட்ட என்ன எடுத்தேன்? ஏதாவது காணோம்னு சொன்னாங்களா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். என் புகாரில் உறை போடாததைப் பற்றி எழுதியதன் கீழே ‘இந்தச் செவிலியர் கை சுத்தமில்லாதவர்’ என்றும் ஒரு வரி இருந்ததாம். நோயாளிகளின் பொருள் திருடுபவர் என்று அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்களாம். விசாரணை நடக்கிறதாம். அவர் பையைக் கொட்டிச் சோதித்தார்களாம். அழுக்கு என்று சொல்ல வந்தவன் திருட்டு என்று எழுதிவிட்டேன், ஐயா. அழுக்கும் இல்லை, திருட்டும் இல்லை. அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான கை அதுதான்.

8. ஆகவே தங்களிடம் கேட்பது: பார்வையில் கண்ட புகாரை ரத்து செய்து, அவர் பதிவேட்டிலிருந்து அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். எதிரில் ‘எழுதியவன் தவறு’ என்று குறித்து என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளவும். அவரைப் பழைய பிரிவுக்கே அனுப்ப வேண்டும். சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, ஆளுக்கு ஆள் உறை மாற்ற வேண்டும், நடுவில் கை கழுவ வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். அதற்குத் தேவையான உறையும் சோப்பும் ஆளும் கொடுங்கள். மாற்றாக வந்த செவிலியரைத் தண்டிக்க வேண்டாம். மதியம் சாப்பிடக்கூட உட்காராத பெண் அது.

9. கடைசியாக ஒன்று. அன்று சலவைப் பிரிவில் நான் கிளம்பும்போது, “அக்கா எப்படி இருக்காங்க?” என்று அவர் கேட்டார். “வீட்டுக்குப் போயாச்சு” என்றேன். “அப்பாடா, நல்லதாப் போச்சு. தையல்ல தண்ணி படாம பாத்துக்கச் சொல்லுங்க” என்றார். அவருக்கு இன்னும் தெரியாது. பழைய பிரிவுக்குத் திரும்பினால் முதல் நாளே பதினோராம் படுக்கையைப் பற்றிக் கேட்பார். ஆகவே ஆணையை அவர் கையில் கொடுக்கும் நாளில் தயவுசெய்து என்னையும் கூப்பிட்டு அனுப்புங்கள். உண்மையை நான்தான் சொல்ல வேண்டும். மனைவி கேட்கச் சொன்ன மன்னிப்பையும் அப்போதே கேட்டுவிடுகிறேன்.

தங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பதினோராம் படுக்கையின் கணவன்

இடம்: சலவைப் பிரிவுக்கு எதிரே, மரத்தடி பெஞ்சு.
நாள்: அவள் போன பதினெட்டாம் நாள்.

குறிப்பு: தாளின் ஓரத்தில் உள்ள கறை கிரீஸ். கை கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சரியாகக் கழுவத் தெரியவில்லை.