உன் மாமியின் பெயருக்கே எழுது

நிந்தவூர்
12.02.1986

அன்பு மகன் ஜவாதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், படிக்கப் போன நாட்டின் அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வெள்ளாமை வெட்டத் தொடங்கிவிட்டது, வாப்பா விடிந்தால் வயலில்தான், இருமலோடு போகாதீர்கள் என்றால் என் பேச்சு எடுபடுவதில்லை. உன் கடிதம் கிடைத்தது. சுகம், குளிர், துஆச் செய்யுங்கள், அவ்வளவுதான், தாளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. மகனுக்கு நேரமில்லை என்று வாப்பாவிடம் உனக்காகப் பரிந்து கதைத்தேன். பிறகு உன் பெண்சாதி நதீராவைப் பார்க்கச் சாய்ந்தமருதுக்குப் போனால், அங்கே தாளின் ஓரமெல்லாம் நிறைய எழுதி, பேனாவால் படமும் கீறி அனுப்பியிருக்கிறாய். மகனைக் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு அனுப்புவது நம் ஊர் வழக்கம், நானும் அனுப்பினேன், அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உன் படிப்பையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டாயா. உன் மாமி அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த பெண்களுக்கெல்லாம் மருமகன் புற்றுநோய்க்கு மருந்து செய்கிறார் என்று காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நதீராவை வாசிக்கச் சொல்லி ஒரு சொல் விடாமல் கேட்டேன். உடம்பைக் கட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கலத்துக்கும் மேலே ஓர் அடையாளம் உண்டாம், இரத்தத்தில் காவல் சுற்றுகிற வெண்குழியம் அருகில் போய் அதைத் தொட்டுப் பார்த்து, நம்முடையது என்றால் விட்டுவிடுமாம். கட்டியின் கலம் அந்த அடையாளத்தை மாற்றியோ மறைத்தோ வைத்துக்கொண்டு ஏமாற்றுமாம். கண்டுபிடித்த வெண்குழியம் இன்டர்பெரோன் போல ஏதோ பொருளை வெளியே விட்டு மற்ற வெண்குழியங்களையும் உசுப்பிவிடுமாம். என் வாப்பாவின் மாட்டுப்பட்டியில் வளர்ந்தவளுக்கு இது விளங்காதா மகன். சூட்டுக்குறி பார்த்துத்தான் எங்கள் மாட்டைப் பிரிப்போம், குறி அழித்த மாடு நின்றால் பட்டிக்காரன் போடுகிற சத்தத்தில் பக்கத்துப் பட்டிக்காரர்களும் ஓடிவருவார்கள். எனக்கு எழுதியிருந்தால் இதை நானே உனக்குச் சொல்லியிருப்பேன்.

இனி எழுதப்போவதைப் பதறாமல் வாசி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மார்பில் கட்டி, உங்கள் ஆய்வில் என்ன சொல்கிறார்கள் என்று நதீரா கேட்டு எழுதினாள் அல்லவா, அந்தப் பெண் உன் மாமிதான். உன் செருப்புச் சத்தம் கேட்டாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போகிறவள், அந்த இடத்தில் கட்டி என்று மருமகனுக்கு எப்படிச் சொல்வாள். நீயும் யாரோ ஒருத்திக்குத்தானே என்று நினைத்து, தட்டில் கட்டியின் கலங்கள் சாவதைக் கண்ணால் கண்டேன், கத்தி வேண்டாத காலம் வரும் என்று சந்தோசமாக எழுதிவிட்டாய். அவள் அந்த வரியோடு காதை மூடிக்கொண்டாள். அதற்குக் கீழே நீ எழுதியதை நான்தான் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன். இது கண்ணாடித் தட்டில் நடந்தது, உடம்புக்குள்ளே கட்டியும் ஏதோ பொருளை விட்டு வெண்குழியங்களைச் சோரவைத்துவிடும், மனிதருக்கு மருந்தாக வர இன்னும் எத்தனையோ வருசமாகும் என்று எழுதியிருந்தாய். டொக்டர் அடுத்த மாதம் மஹரகமைப் புற்றுநோய் ஆசுபத்திரியில் ஒப்பரேசன் என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார், பிந்தினால் பரவிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அவளோ, மருமகன்ட மருந்து வரட்டும், அதுவரைக்கும் கத்தி வெக்க நான் உடமாட்டன் என்று படுத்திருக்கிறாள். நதீரா அழுது பார்த்தாள், நடக்கவில்லை.

மருந்து வர வருசக்கணக்காகும், ஒப்பரேசனுக்குப் போ என்று நானும் சொன்னேன். அதற்கு அவள் என்னைப் பார்த்து, உங்கட மகன் எனக்கு மருந்து அனுப்புறது உங்களுக்குப் பொறுக்குதில்ல மச்சி என்றாள். அவள் சொன்னது பொய்யாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். உன் கடிதத்தை அவள் தலையணைக்குக் கீழே கண்டதிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லைதான். ஆனாலும் நான் சொன்னதும் உண்மைதானே, என் வாயால் வந்தபடியால் அது அவளுக்கு ஏறவில்லை.

ஆகையால் நீதான் எழுத வேண்டும். தந்தி அடிக்காதே, தந்தி என்றால் மௌத்துச் செய்தி என்று வீடே அலறும். நதீராவுக்கும் எழுதாதே, மாமியின் பெயருக்கே எழுது, மருமகன் நேரே எழுதினால் அவள் மறுக்கமாட்டாள். கட்டி எங்கே என்று ஒரு சொல்லும் வேண்டாம், வருத்தம், சுகமில்லை என்று மட்டும் போடு. என்னிடம் மருந்து இல்லை மாமி, ஒப்பரேசனுக்குப் போங்கள் என்று அவளுக்கு விளங்கும்படி நீளமாக எழுது, படமும் கீறு. அவள் ஓம் என்றால் மஹரகமைக்கு நானே கூடப் போவேன், வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

தலையில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் கைக்கும் கண்ணுக்கும் பரக்கத் செய்வானாக. மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது. இரண்டு கடிதம் எழுத நேரமில்லை என்றால் எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கே எழுது.

துஆவுடன்,
உன் உம்மா
பல்கீஸ்