மீன் தொழிற்சாலை வாசலில் அப்பா

மார்ச் 4, செவ்வாய். வைலே, டென்மார்க்.

ஆலங்கட்டி மழை, உடனே வெயில். அம்மாவுக்குக் கண்மருந்து. பால். கறுத்த பாண்.

இங்கிலாந்தின் ஒரு பிராந்தியத் தொலைக்காட்சி நிலையத்தின் வரலாறு படித்து முடிந்தது. விளம்பர வருமானத்தில் ஓடிய நிலையம். மீன் விலை, ஆட்டுச் சந்தை, வெள்ளத்தில் மூடிய பாலம். பிறகு பக்கத்து நிலையத்தோடு இணைப்பு, லண்டன் முதலாளிகள். கடைசியில் பெயரும் இல்லை. கட்டடம் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

டென்மார்க் வருமுன் அப்பாவுக்கு அந்த நிலையம் இருந்த ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையை மூடியபோது அந்த நிலையத்தார் அவரைப் பேட்டி எடுத்தார்களாம். நான் ஜிம்னேசியத்தில், உயர்தர வகுப்பில், படிக்கும்போது அவருக்குப் பக்கவாதம், பேச்சு போயிற்று. இந்தத் தையில் ஆளும் போய்விட்டார். அவர் குரல் எங்களிடம் எதிலும் பதிவாகி இல்லை.

நேற்று அம்மா, பாத்திரம் கழுவியபடி: "அவற்ர குரல் எனக்கு மறந்துபோச்சு பிள்ளை."

மார்ச் 6, வியாழன்

அந்த நிலையத்தின் பழைய படங்கள் இருக்கும் காப்பகத்துக்கு எழுதியிருந்தேன், பதில் வந்தது. அப்பா பெயரில் எவரும் இல்லை. ரயிலில் அழுகை. எதிரே இருந்தவர் ஜன்னலைப் பார்த்தார், நல்ல மனிதர்.

எஸ்பியர்க்கில் இருக்கும் சித்தப்பாவிடம் சொன்னேன். போனில் ஒரே சிரிப்பு.

"கொப்பர் அங்கை தன்ர பேரிலையே வேலை செய்தவர்? விசா எங்கை? விசா வைச்சிருந்த மன்னார் அந்தோனிப்பிள்ளையின்ர பேரிலையெல்லோ! வீட்டிலை முருகனுக்குத் தேவாரம், வேலையிலை டோனி!"



அந்தோனிப்பிள்ளை. எழுதி அனுப்பியாயிற்று.

மார்ச் 12, புதன்

பனிமூட்டம். சைக்கிளில் காற்றில்லை.

கிடைத்துவிட்டார். படத்தோடு காப்பகப் பெண்ணின் குறிப்பு: படச்சுருள் மட்டுமே மிச்சம். ஒலி தனி நாடாவில் இருந்ததாம், நிலையம் கைமாறியபோது எங்கோ தொலைந்துவிட்டதாம். மிகவும் வருந்துகிறார். முகம் தெரியாத பெண்.

அம்மாவிடம் முதலே சொல்லிவிட்டுத்தான் டிவியில் போட்டேன். தொழிற்சாலை வாசல். வெள்ளைத் தொப்பி, ரப்பர் சப்பாத்து. என்னைவிட இளையவர். கீழே அந்தோனிப்பிள்ளை என்று எழுத்து. ஒலிவாங்கி நீள்கிறது, அப்பா பேசுகிறார். கையை ஆட்டி ஆட்டி, நிறையப் பேசுகிறார்.

"என்ன மெலிவு, பாவி மனிசன்."

பிறகு, "சத்தத்தைக் கூட்டு பிள்ளை."

"சத்தம் இல்லையம்மா. சொன்னனானெல்லோ."

"ஓம், ஓம்."

ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினார். திரையில் சத்தம் காட்டும் கோடு நிறையும்வரை கூட்டிக்கொண்டே போனார்.