பத்தொன்பதாவது வரியில் ஒரு பிழை

அப்பா,

உங்கள் ஆஃபீஸ் பையை நேற்றுத்தான் திறந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வுப் படிவத்தில் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று சரிபார்க்க, உங்கள் பழைய சான்றிதழ் ஒன்றின் நகலைப் பள்ளியில் கேட்டார்கள். அம்மா அலமாரி முழுக்கத் தேடிவிட்டு, "அந்தப் பையில பாரு" என்று மட்டும் சொன்னாள். தானே எடுக்கவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

ஜிப்பைத் திறந்ததும் நீங்கள் தொண்டைக்குப் போட்டுக்கொள்ளும் மிட்டாயின் வாசனை வந்தது. நகல் கிடைத்தது. அதன் அடியில் நான்காக மடித்த ஒரு தாளும் கிடைத்தது. வைட்ஃபீல்டு போகும் உங்கள் ஆஃபீஸ் பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அச்சடித்த தாள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க உங்கள் கையெழுத்தில் ஓர் அட்டவணை. எந்தப் பொத்தான், என்ன நடந்தது, எத்தனை புள்ளி. முப்பத்திரண்டு வரிகள். பஸ் குலுங்கிய இடங்களில் கோடுகள் வளைந்திருந்தன. பத்தொன்பதாவது வரியில் ஒரு மேல் அம்பு, ஒரு கீழ் அம்பு, எதிரே 'ஒன்றும் இல்லை'.

நாம் சேர்ந்து ஆடிய வீடியோ கேமைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிய பிறகுதான் நீங்கள் அந்தப் பஸ்ஸில் போகத் தொடங்கினீர்கள். அப்படியென்றால் நீங்கள் அதை விடவே இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நினைவிலிருந்து முப்பத்திரண்டு வரியையும் திரும்ப எழுதி, எதை விட்டுவிட்டோம் என்று தேடியிருக்கிறீர்கள். பத்தொன்பதாவது வரி தப்பு அப்பா. அது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும்.

உங்கள் கம்பெனியை மூடிய வாரம் எல்லோரும் மேசையைக் காலி செய்தபோது, உங்களோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொந்த ஊருக்கே திரும்புகிறேன் என்று அந்த வீடியோ கேமை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். அட்டைப்பெட்டியோடு நீங்கள் மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்து அம்மா ஏதோ சமையல் சாமான் என்று நினைத்தாள். உள்ளே இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு டிஸ்க். அதுவும் யாரோ நகல் எடுத்தது. மேலே மார்க்கர் பேனாவால் 'ஸ்கேட்' என்று கிறுக்கியிருந்தது. எப்படி விளையாடுவது என்று சொல்லும் புத்தகம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதையும் முதலில் படித்துவிட்டுத்தான் தொடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"புஸ்தகம் இல்லன்னா என்ன பாப்பா, நாமளே எழுதிடலாம். இதுதானே என் வேலை" என்றீர்கள்.

உண்மைதான். உங்களை எல்லோரும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர் என்று நினைத்தார்கள். நீங்களோ மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுகிறவர். ஒரு பழைய டைரியை எடுத்துக் கோடு போட்டீர்கள். ஒவ்வொரு பொத்தானாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்று மூன்றாக அழுத்திப் பார்த்து, தொப்பி போட்ட அந்தப் பையன் பலகையோடு என்ன செய்கிறான் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினீர்கள். 'பலகை சுழல்கிறது.' 'கம்பியில் சறுக்குகிறான்.' 'விழுகிறான்.' விழுகிறான் என்பதுதான் அந்த டைரியில் அதிகம்.

எவ்வளவு எரிச்சல் மூட்டும் விளையாட்டு அது! ஒரு ஓட்டத்துக்கு இரண்டே நிமிடம். பாதி நேரம் அவன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். திருப்பினால் திரையில் தெரியும் காட்சியும் சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும். "இது பக்" என்று, பிழைக்கு உங்கள் ஆஃபீஸில் சொல்லும் வார்த்தையால், நீங்கள் ஓரத்தில் குறித்துக்கொள்வீர்கள், யாரோ சரிசெய்து அனுப்பப் போவதுபோல. எல்லாவற்றையும்விட உங்களை வதைத்தது இன்னொன்று. சுழற்று, சறுக்கு, தாவு என்று வித்தைகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போனால் புள்ளிகள் பெருகும். ஆனால் கடைசியில் கால் தவறினால் அந்தச் சங்கிலிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

"என்ன நியாயம் இது?" என்று ஒருநாள் கேட்டீர்கள். "பத்து வேலைய ஒழுங்கா செஞ்சவன் பதினொண்ணாவதுல தப்பு பண்ணா, அந்தப் பத்தும் செய்யவே இல்லன்னு ஆயிடுமா?"

நான் சிரித்தேன். விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது கட்டம் ஒரு மாடிக் கார் நிறுத்தம். எண்பதாயிரம் புள்ளி எடுத்தால்தான் அடுத்த கதவு திறக்கும். நீங்கள் அறுபத்திரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்காருவீர்கள். மதியம் சாப்பிட எழுவீர்கள். நான் பள்ளியிலிருந்து வரும்போதும் அங்கேயே இருப்பீர்கள். பால் வாங்கக் கீழே இறங்கினால் வீட்டு ஓனர் கேட் அருகே நாற்காலி போட்டுக் காத்திருப்பார். "இன்னைக்கும் ரஜாவா சார்? உங்க கம்பெனி தும்ப ஒள்ளேது. தினமும் ரஜா குடுக்குது." நீங்களும் ஆமாம் சார், லீவுதான், ரொம்ப நல்ல கம்பெனி என்று சிரித்துவிட்டு வருவீர்கள். பிறகு பால் வாங்க என்னை அனுப்பத் தொடங்கினீர்கள்.

எனக்கு நீங்கள் நல்ல ஜாய்ஸ்டிக்கைத்தான் கொடுத்தீர்கள். உங்களுடையதில் மேல் அம்பு இறுகிப்போய், விரல் வலிக்க அழுத்தினால்தான் வேலை செய்யும். "எனக்குப் பழகிடுச்சு, நீ அத வெச்சுக்கோ" என்றீர்கள்.

ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் உங்கள் பயோடேட்டாவை அச்செடுக்கப் போயிருந்தீர்கள். நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். பையன் தரையில் இறங்கும் நேரத்தில் என் கட்டைவிரல் நழுவி, மேல் அம்பிலும் உடனே கீழ் அம்பிலும் பட்டது. அவன் முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்திலேயே உருண்டான். கையை விரித்துத் தள்ளாடினான், விழவில்லை. திரையின் மூலையில் சங்கிலி அறுபடாமல் எண் ஏறிக்கொண்டே போனது. தரையைத் தொட்டாலும் சங்கிலி முடிய வேண்டியதில்லை! ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிவரை அப்படியே உருண்டு போகலாம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சோதித்தேன். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் நடந்தது. டைரியைப் பார்த்தேன். பத்தொன்பதாவது வரியில் 'ஒன்றும் இல்லை' என்றிருந்தது. உங்கள் ஜாய்ஸ்டிக்கை மாட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. அம்பு இறுகியிருந்ததால் அவ்வளவு வேகமாக அமுங்கவில்லை. தப்பு உங்களுடையது அல்ல, அந்த ஜாய்ஸ்டிக்குடையது. நீங்கள் படியேறி வந்ததும் சொல்ல வேண்டும் என்று வாசலுக்கே போய் நின்றேன்.

அப்போது சமையலறையில் அம்மா ஃபோனில் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆஃபீஸ் போறாப்ல சட்டை போட்டுக்கிட்டு அது முன்னாடி உக்காந்துடறாருக்கா. பயோடேட்டா எடுக்கறேன்னு போறாரு, எங்கயும் குடுக்கறதில்ல. அது ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு தொறக்குமாமே? முடிவே இல்லாத சனியன். அவரே வெறுத்துப்போய்த் தூக்கிப் போட்டாதான் உண்டு."

பெரியம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சியது கேட்டது. நான் திரும்பி வந்து டிவியை அணைத்தேன்.

நீங்கள் வந்து, "எவ்ளோ எடுத்த?" என்று கேட்டீர்கள். விழுந்துட்டேன்ப்பா என்றேன். மூன்றாவது கட்டத்துக்குப் பிறகு இன்னும் ஐந்து கட்டம் இருந்தது. கதவு திறந்தால் நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். திறக்காவிட்டால் ஒருநாள் சலித்து எழுந்து, வேலை தேடப் போவீர்கள். எனக்குப் பதின்மூன்று வயது. கணக்கைப் போல எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவது கொடுமையாக இருந்தது. கட்டைவிரல் தானாக மேலே போகும், நான் இழுத்துக்கொள்வேன். வேண்டுமென்றே விழுவேன். நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்வீர்கள். மூன்று வாரம் அப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை நீங்கள் எழுபத்தோராயிரம் எடுத்தீர்கள். கடைசிச் சங்கிலியில் நேரம் முடியும் கணத்தில் பையன் குப்புற விழுந்தான். அதுவரை குரல் உயர்த்திக்கூடப் பேசியிராத நீங்கள் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் அடித்தீர்கள். ஒரு ஓரம் உடைந்து கட்டிலுக்கு அடியில் போனது. அதைக் குனிந்து தேடி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"நான் எதையோ விட்டுட்டேன் பாப்பா. எதுன்னு பிடிபடல. உனக்கு ஏதாவது தெரியுதா?"

"தெரியாதுப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்குத் தெரியாது."

தலையாட்டினீர்கள். "உனக்கே தெரியலன்னா அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். என்னாலதான் முடியல, அவ்ளோதான்."

என் மகள் தெரியாததைத் தெரியும் என்றோ, தெரிந்ததைத் தெரியாது என்றோ சொல்ல மாட்டாள் என்று ஓனரிடம்கூடப் பெருமையாகச் சொன்னவர் நீங்கள். அதனால்தான் சந்தேகமே படவில்லை. மறுநாள் ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டினீர்கள். நீங்கள் அதைப் பரணில் ஏற்றியபோது நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

நான் போட்ட கணக்கு பலித்தது. அடுத்த மாதமே வைட்ஃபீல்டில் வேலை. அமெரிக்காவில் யாருக்காவது கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஃபோனில் பதில் சொல்லும் வேலை. உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவன் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "இதுக்கு மேல எனக்கு யாரு குடுப்பா?" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் உங்களைப் பற்றி அப்படிப் பேசிக் கேட்டதில்லை. நல்ல வேலைக்கு விண்ணப்பம் போடு என்று பழைய நண்பர்கள் கூப்பிட்டபோதும் நீங்கள் போடவில்லை. பொய் சொன்னவள் நான், அதனால் அந்தப் பேச்சு வந்தாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஒன்றரை வருடம். பிறகு ஒரு காலையில் பஸ்ஸில் எல்லோரும் இறங்கிய பின்னும் நீங்கள் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். டிரைவர்தான் தொட்டுப் பார்த்திருக்கிறார். இதயம் என்றார் டாக்டர், உங்கள் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்ததுதான் என்றார். ஒரு விளையாட்டின் இரண்டு அம்புக்குறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அறிவியல் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 'என்னால முடியல' என்று நீங்கள் முடிவு கட்டியது நான் கொடுத்த தப்பான விவரத்தை வைத்துத்தானே?

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்பருகே நின்று, தாளைக் காட்டி, ஜாய்ஸ்டிக், ஃபோன், 'தெரியாதுப்பா' எல்லாவற்றையும் சொன்னேன். தோசை தீய்ந்தது. அம்மா அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"நான் அக்காகிட்ட பொலம்புனத வெச்சா அப்படிப் பண்ணே?"

அவள் தாளை வாங்கி, எழுதிய பக்கத்தை விட்டு, பஸ் நேரம் அச்சடித்த பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள். அதில் நம் நிறுத்தத்துக்கு எதிரே நீங்கள் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தீர்கள்.

"எழுந்து போனாரே. வேலைக்குப் போனாரே. அது போதாதாடி?"

கேள்வியா, என்னைத் தேற்றுகிறாளா, தன்னையே தேற்றிக்கொள்கிறாளா என்று புரியவில்லை. பதிலுக்காகத்தான் அவள் என் முகத்தைப் பார்த்தாள் என்று தோன்றியது. தெரியல அம்மா என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் எழுதுகிறேன். நான் செய்தது நல்லதா என்று எனக்குத் தெரியாது அப்பா. இந்த முறை பொய் சொல்லவில்லை.